கிருமி வளர்க்கலாம், பூண்டு உரிக்கக் கூடாது

1942 செப்டம்பர் 3, வியாழன்

காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். நான் அடித்த வேகத்துக்கு டியூப் வெடிக்காமல் இருந்தது, அது முன்ஜென்மத்தில் செய்த புண்ணியம். பிறகு பூண்டு இடித்தேன்.

பிற்காலத்தில் இந்தக் குறிப்பைச் செப்பேட்டில் வெட்டப்போகிறவர்களுக்காகச் சில விவரங்கள். நான் பரந்தாமன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். அரக்கோணம் லைனில் டிரைவர்கள் என் மீசையைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார்கள். சிக்னல் கம்பமெல்லாம் சும்மா காக்காய் உட்கார வைத்தது. இப்போது குமணன்சாவடியில் ஒரு வீடு, பின்னால் மல்லிகைத் தோட்டம், ஒரு பசு. இந்தச் சாம்ராஜ்யத்தை ஆள்வது என் அக்காள் நாகம்மாள். அத்தான் காலமான பிறகு மகளோடு இங்கேயே வந்துவிட்டாள். நான் ராஜா என்பது இந்தக் குறிப்பில் மட்டும்.

அந்த மகள்தான் வசந்தா. ரசாயனம் படித்துப் பாஸ் செய்தவள். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஏப்ரலில் பட்டணமே மூட்டை கட்டியதே, அப்போது ஒரு மருந்துக் கம்பெனியும் தன் சோதனைச்சாலையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்கு வந்தது. அங்கே வசந்தாவுக்கு வேலை. சண்டையால் சீமை மருந்துக் கப்பல் வரவில்லை. புண் சீழ் வைத்தால் ஆற்றுவதற்கு நம் ஊர்ச் சரக்கில் ஏதாவது தேறுமா என்று பார்க்கிறார்கள். வேம்பை ஒருவர் எடுத்துக்கொண்டார், மஞ்சளை ஒருவர். யாரும் தொட மறுத்த பூண்டு எங்கள் பெண்ணுக்கு வந்தது. பூண்டு தேறினால் அவள் வேலை நிலைக்கும். தேறாவிட்டால் அவள் இருக்கும் நாற்காலியை மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

சரி, அதற்கு நான் ஏன் என் வீட்டில் பூண்டு இடிக்கிறேன்? அங்கேதான் வேடிக்கை. கம்பெனிக்கு வீடு வாடகைக்கு விட்டவர் திருமழிசை வரதன் ஐயங்கார். அதே வீட்டின் முன்கட்டில் அவர் குடியிருக்கிறார். ஒரே நிபந்தனை: வெங்காயம், பூண்டு, மாமிசம் வாசற்படி தாண்டக் கூடாது. பின்கட்டு அலமாரியில் சீழ்க் கிருமி கோடிக்கணக்கில் குடித்தனம் நடத்துகிறது, அதற்கு ஆட்சேபமே இல்லை. நான் கேட்டேன். "கிருமி கண்ணுக்குத் தெரியாது ஓய். பூண்டு தெருமுனையிலேயே தெரியும்" என்றார்.

கடைசியில் ஓர் உடன்படிக்கை. வீட்டில் இடித்து, சாறு பிழிந்து, கார்க் அடைத்த புட்டியில் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்தால் கண்ணை மூடிக்கொள்வார். மூக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 4, வெள்ளி

புட்டியோடு பின்வாசலில் இறங்கினேன். முன்வாசலிலிருந்து ஐயங்கார் போட்ட கூச்சலில் பூந்தமல்லி சந்தையில் கட்டியிருந்த மாடெல்லாம் அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும். "ஓய் பரந்தாமன்! கார்க் போட்டேளா, இல்லை துணிய வெச்சு அடைச்சேளா?" நான் மூக்குப்பொடி போட்டுப் போட்டு நாசியைச் சுடுகாடாக்கியவன். எனக்கு மல்லிகையும் மண்ணெண்ணெயும் ஒன்றே. என்னிடம் கேட்டால்?

செப்டம்பர் 5, சனி

வெற்றி! முரசு கொட்டுங்கள்!

இன்று சைக்கிளில் போய் நானே கண்ணால் பார்த்தேன். மூடி போட்ட ஒரு கண்ணாடித் தட்டு. கடல்பாசியைக் காய்ச்சி அதில் ஊற்றினால் தோசைக் கனத்துக்கு உறைகிறது. அதன்மேல் சீழ்க் கிருமியைப் பூசி, நடுவில் சின்னக் குழி வெட்டி, குழியில் என் திருக்கரத்தால் இடித்த சாறு. உஷ்ணப் பெட்டியில் ஒரு ராத்திரி வைத்தால் கிருமி தட்டு முழுக்க வெள்ளையாகப் படர்ந்துவிடும். படர்ந்துதான் இருந்தது. ஆனால் குழியைச் சுற்றி மட்டும் வட்டமாக, துடைத்துவிட்டது போலத் தெளிவு! அந்த எல்லைக்குள் ஒரு கிருமி கால் வைக்கவில்லை.

"ஒரு ரூபாய்க் காசு அகலம் கீது மாமா" என்றாள் வசந்தா.

சோதனைச்சாலைக்குப் பெரியவரான டாக்டர் எட்மண்ட் பட்டணம் போயிருந்தார். வேப்பேரிக்காரர். சிரிப்பதற்குத் தனியாகப் பர்மிட் வாங்க வேண்டும் என்று நினைக்கும் மனிதர். அவர் வருவதற்குள் தட்டைக் கழுவ வேண்டியதாயிற்று. கண்ணாடித் தட்டுகள் கொஞ்சம்தான், மஞ்சள்காரர் கேட்டுக்கொண்டு நின்றார். வசந்தா படம் வரைந்து, அளவு எழுதி வைத்தாள். டாக்டர் வந்து படித்துவிட்டு, "ஒரு தட்டு போதாது. என் கண் முன்னால் திரும்பக் காட்டு" என்றாராம்.

காட்டுவோம். ஆயிரம் தட்டு காட்டுவோம்.

செப்டம்பர் 8, செவ்வாய்

சவரக்கடையில் பூண்டின் பெருமையைப் பேசினேன். வட்டம் பூந்தமல்லி ஏரி அளவு என்று சொன்னது கொஞ்சம் கூடுதல்தான். ஒரு புட்டிச் சாற்றைக் கடலில் ஊற்றினால் ஜப்பான் கப்பல் குப்புறக் கவிழும் என்றது, உற்சாகத்தில் வந்தது. சவரக்காரர் கத்தியை எடுத்துவிட்டுக் கேட்டார். பாதி முகத்தோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 14, திங்கள்

கடல்பாசி தீர்ந்துபோயிற்று! அது ஜப்பான் சரக்காம். குண்டு போடாவிட்டாலும் அந்த வழியில் பழிவாங்கிவிட்டான். கடல்பாசி இல்லாவிட்டால் தட்டு இல்லை, தட்டு இல்லாவிட்டால் வசந்தா எதைக் காட்டுவாள்?

பூந்தமல்லி கடைத்தெருவில் காதர் பாயிடம் போனேன். ரம்ஜான் மாதம். நோன்பு திறக்கும்போது சாப்பிடக் கடல்பாசி காய்ச்சுவார்கள், அவரிடம் இல்லாமலா?

"கீது கார்டு சார். இம்மாந்தான் கீது. நோன்புக்கே பத்தாது. யாருக்கு?"

"கிருமிக்கு, பாய்."

"கிருமிக்கா? அதுங்களும் நோன்பு புடிக்குதா?"

விஷயத்தைச் சொன்னேன். இந்த முறை ஏரி, கப்பல் எதுவும் இல்லாமல். பாய் தாடியைத் தடவிவிட்டு, உள்ளே போய் ஒரு சின்னக் கட்டு கொண்டுவந்தார். "என் ஊட்டுப் பங்கு. பொண்ணு வேலைன்றே, எடுத்துனு போ. இனிமே கேக்காதே, என்கிட்ட இல்ல."

நாலு தட்டுக்குத் தேறும் என்கிறாள் வசந்தா.

செப்டம்பர் 17, வியாழன்

புரட்டாசி பிறந்தது. மகாராணியின் பிரகடனமும் பிறந்தது.

"பரந்தாமா, இந்த மாசம் பூரா ஊட்டுக்குள்ள பூண்டு வரக் கூடாது. பெருமாள் மாசம். நாலு சனிக்கெழமையும் பெருமாளுக்குச் சமைச்சுத் தளிகை போடணும், நாலு பேரு வந்து போவாங்க. கூடத்துல பூண்டு நாறினா என் மானம் போயிடும்."

"அக்கா, பொண்ணு வேலை?"

"நான் இன்னா வேலைய உட்டுடச் சொன்னேன்? மாட்டுக் கொட்டாயில வெச்சு இடி. சனிக்கெழம மட்டும் அதுவும் வேணாம்."

பிறகு அவளே இன்னொரு சலுகையும் தந்தாள். "நீ உரிக்காதே. நீ உரிச்சா தோலு கிணத்தாண்ட வரைக்கும் பறக்குது. நானே உரிச்சு, சுத்தம் பண்ணித் தரேன். நீ இடிக்கிறதோட நின்னுக்கோ."

என் அக்காள் பூண்டைத் தொடச் சம்மதித்தாள், அதுவும் புரட்டாசியில்! மகள் என்றால் சும்மாவா? நான் மனம் நெகிழ்ந்து ஒரு சிட்டிகைப் பொடி அதிகம் போட்டேன்.

செப்டம்பர் 22, செவ்வாய்

உலகத்தாரே, என் புஜபலத்தைக் கேளுங்கள். இந்த வயதிலும் வளர்ந்துகொண்டே போகிறது! முன்பு பூண்டுப் பல் உரலில் குதித்துக் குதித்து ஓடும். இன்று நான் உலக்கையைக் காட்டியதுமே வெண்ணெயாக உட்கார்ந்துவிட்டது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, கையில் எரிச்சல் இல்லை. பசுகூட நின்று பார்த்தது. பீமசேனன் இருந்தால் என்னிடம் கதாயுதத்தைக் கொடுத்துவிட்டு ஓய்வு எடுத்துக்கொள்வான்.

ஐயங்காரும் இன்று கூச்சல் போடவில்லை. ஒருவேளை ஊரில் இல்லையோ என்னவோ.

செப்டம்பர் 24, வியாழன்

தட்டில் வட்டம் இல்லை.

குழியின் விளிம்பு வரைக்கும் கிருமி வந்து உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் பக்கத்திலேயே நின்று பார்த்தாராம்.

செப்டம்பர் 28, திங்கள்

இரண்டாவது தட்டும் அப்படியே. நான் இன்னும் நன்றாக இடித்தேன். கூழாகவே ஆக்கினேன். பலன் இல்லை.

டாக்டர் எட்மண்ட் மெதுவாகத்தான் பேசுவார். மெதுவாகவே கேட்டாராம்: "அஞ்சாந்தேதி நீ பார்த்ததை எழுதினாயா, பார்க்க ஆசைப்பட்டதை எழுதினாயா?" கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தில் சிவப்பு மசியால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டார்.

இதை வீட்டுக்கு வந்து சொல்லும்போது வசந்தா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

செப்டம்பர் 29, செவ்வாய்

நான் சாட்சி சொல்லப் போனேன். மடிப்புக் கலையாத கோட்டு, தலைப்பாகை, கார்டு காலத்துக் கைக்கடிகாரம் எல்லாம் போட்டுக்கொண்டு. "டாக்டர் சார், அந்த வட்டத்தை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ரூபாய்க் காசு அகலம்" என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நீங்கள்தானே சவரக்கடையில் ஏரி அளவு என்று சொன்னவர்?"

நான் தலைப்பாகையைச் சரிசெய்தேன்.

"ஜப்பான் கப்பல் கவிழ்வதாகவும் கேள்விப்பட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். வெளியே வசந்தா நின்றிருந்தாள். "பரவால்ல மாமா" என்றாள்.

பரவாயில்லையா? ஊரில் வேறு எந்த முட்டாள் பார்த்திருந்தாலும் அந்தச் சாட்சி செல்லும். பார்த்தது நான். இன்னாத்துக்குடா உனக்கு இந்த வாய்? ஒரு பொண்ணு ஒழுங்கா கண்ணுல பார்த்து, அளந்து, எழுதி வெச்சுக்கீது. அதுக்கு ஒரே சாட்சி நீ. உன் வாயால அதும் பொய்யாப் பூட்ச்சே.

பொடி டப்பாவைத் திறக்கவே மனம் வரவில்லை.

அக்டோபர் 1, வியாழன்

இரவுச் சாப்பாட்டில் வசந்தா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: "நான் பார்த்தேன் இல்ல மாமா? நெசமா கீதுதானே அது?"

"நெசம்" என்றேன். ஒரே வார்த்தை. என் ஆயுளிலேயே குட்டையான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை டாக்டர் பட்டணம் போகிறார். பூண்டு வேலையை மூடிவிடலாம் என்று முதலாளிகளிடம் சொல்லப்போகிறார். மூடினால் வசந்தாவுக்கு அங்கே வேலை இல்லை. அதுகூடப் பெரிதில்லை என்கிறாள். "இல்லாதத எழுதினவளுன்னு பேரு நின்னுடும். அப்பால எந்த ஆபீசுல சேர்ப்பாங்க?"

கடல்பாசி இரண்டு தட்டுக்குத்தான் மிச்சம்.

நாகம்மாள் அக்காள் இதைக் கேட்டுக்கொண்டு மோரை ஊற்றினாள். அவள் பேசாமல் இருப்பது ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கியது போல.

அக்டோபர் 2, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். கை பரபரக்கிறது.

வசந்தா சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டாள் என்று கொண்டுபோனேன். முன்வாசலில் வரதன் ஐயங்கார் ஈஸிசேரில். என்னைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாரும் ஓய்! உமக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கு. பெருமாள் மாசம்னு என் மனசறிஞ்சு நடந்துண்டேள்."

"நான் என்ன செய்தேன்?"

"பூண்டை மாத்திட்டேளே! ஆவணியிலே கொண்டுவந்தேள் பாரும், அதுக்கு என் கொள்ளுத்தாத்தாவே மேலேர்ந்து மூக்கைப் பொத்திண்டிருப்பார். இப்போ ரெண்டு தடவை புட்டி வந்தது, போனது. ஒரு வாசனை? ஊஹும். ஏதோ வேகவச்ச கிழங்கு மாதிரி. எந்த ஊர்ப் பூண்டு ஓய் இது?"

நான் அப்படியே நின்றேன். மகா ஜனங்களே, இந்த ஐயங்காரின் மூக்கு செங்கல்பட்டு ஜில்லாவிலேயே பெரிய அதிகாரி. அது பொய் சொல்லாது. பூண்டு மாறவில்லை. அதே கடை, அதே கட்டு. பிறகு?

வேகவைத்த கிழங்கு.

உலக்கையைக் காட்டியதும் வெண்ணெயாக உட்கார்ந்ததே! பீமசேனனாவது, கதையாவது!

தூக்கை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். வீட்டில் அக்காள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பூண்டை உரிச்சிட்டு இன்னா பண்றே?"

"இன்னா பண்றேன்? சுத்தம் பண்றேன்."

"எப்படி?"

"கொதிக்கிற தண்ணில போட்டு ஒரு கொதி உட்டு எடுப்பேன். நாத்தம் போயிடும் இல்ல? புரட்டாசி மாசம், மாட்டுக் கொட்டாய் கூடத்தாண்டதான கீது. உனக்கு இடிக்கவும் மெத்துனு கீதே, இன்னா இப்போ?"

நான் கிணற்றுக் கட்டையில் குந்திவிட்டேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? வசந்தா வந்ததும் சொன்னேன். அம்மா மேல் பாய்வாள் என்று பயந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் முற்றத்தில் நின்று, "முழுப் பல்லாவா? இடிக்கிறதுக்கு முன்னாடியேவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு அவள் முகம் போன போக்கு! இத்தனை நாள் மங்கியிருந்த விளக்கின் திரியை யாரோ தூண்டியது போல.

"ரெண்டு தட்டு போதும் மாமா. ஒண்ணுல பச்சப் பூண்டு. ஒண்ணுல அம்மா கொதிக்க வெச்ச பூண்டு. ரெண்டையும் டாக்டர் கண்ணு முன்னாடியே இடிக்கணும்."

எப்போது? திங்கள் அவர் போகிறார். தட்டு ஓர் இரவு இருக்க வேண்டும். நாளைக்கு விட்டால் வழி இல்லை. நாளை மூன்றாம் சனிக்கிழமை.

"சனிக்கெழம பச்சப் பூண்டா? என் ஊட்லயா?" என்று அக்காள் முறத்தைக் கீழே வைத்தாள்.

வசந்தா கெஞ்சவில்லை. "வேணாம்மா. வேற எங்கனா இடிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேக்குறேன்" என்று உள்ளே போய்விட்டாள். அக்காள் அந்த முறத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள், அரிசி எண்ணுகிறவள் போல.

அக்டோபர் 3, சனி

விடிந்ததும் அக்காள் என்னை எழுப்பினாள். "போய் உன் டாக்டரைக் கூட்டினு வா. வெயில் ஏர்றதுக்குள்ள முடிக்கணும். அப்பால தலை முழுகிட்டுத் தளிகை போடணும்."

நான் உலக்கையைத் தேடினேன். அது அவள் கையில் இருந்தது.

"நீ இடிக்க வேணாம்."

"ஏன்?"

"நீ இடிச்சா அதுல இன்னாத்தையோ கலந்துட்டேன்னு சொல்லுவாரு. உன் பேருதான் பூந்தமல்லி பூரா தெரியுமே. நான் இடிக்கிறேன். என்னை யாரும் கேக்க மாட்டாங்க."

அந்த அடி உரலில் விழவில்லை, என்மேல் விழுந்தது. ஆனால் வலிக்கவில்லை. நியாயம்.

டாக்டர் எட்மண்ட் சைக்கிளில் வந்தார். பெட்ரோல் கிடைக்காததால் அவரும் நம் சாதிதான் இப்போது. மாட்டுக் கொட்டாயில் ஸ்டூல் போட்டேன். பசு அவர் கோட்டு முனையை ருசி பார்த்தது, அவர் கவனிக்கவில்லை. முதலில் அக்காள் கொதிக்க வைத்த பல்லை இடித்தாள். அது சத்தமே இல்லாமல் மசிந்தது. டாக்டர் தானே பிழிந்து, கார்க் அடைத்து, புட்டியில் குறி போட்டார். உரலைக் கழுவித் துடைத்த பிறகு பச்சைப் பூண்டு.

முதல் இடியிலேயே அக்காள் கண்ணில் தண்ணீர். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு இடித்தாள். டாக்டர் கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பசு எழுந்து மறுபக்கம் போய் நின்றது. செத்துப்போன என் நாசிக்கே ஏதோ லேசாகப் பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

"அம்மா, உங்களுக்கு இன்று விரதம் என்று கேள்விப்பட்டேன்" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும் தொரே. பெருமாளு என் கையை மோந்து பாத்துனு நிக்க மாட்டாரு. தலை முழுகினா போச்சு. என் பொண்ணு பொய் எழுதினான்னு இருக்கக் கூடாது."

டாக்டர் இரண்டு புட்டிகளையும் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிள் ஏறினார். நானும் வசந்தாவும் பின்னால்.

பின்வாசலில் அவர் கால் வைத்ததுமே முன்வாசலிலிருந்து: "ஓய்! பழைய பூண்டு திரும்பி வந்துடுத்து! சனிக்கெழமையுமா! யாரது, டாக்டரா? நீருமா!"

வசந்தா சிரித்துவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து. எவ்வளவு நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு. டாக்டர் பைக்குள் கைவிட்டுக் கார்க்கை அழுத்திக்கொண்டார். அவர் உதடும் லேசாக அசைந்தது. பர்மிட் வந்துவிட்டது போலிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்காள் தலை முழுகி, மாவிளக்கு ஏற்றி, 'கோவிந்தா' சொல்லி முடித்திருந்தாள். வந்தவர்கள் சாப்பிட்டார்கள். பூண்டு நாற்றம் இருந்ததா இல்லையா, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு எல்லம்மா மட்டும் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினாள். ஜலதோஷமாக இருக்கும்.

அக்டோபர் 4, ஞாயிறு

பச்சைப் பூண்டு: வட்டம். ரூபாய்க் காசு அகலம். கொதித்த பூண்டு: ஒன்றும் இல்லை. குழி வரைக்கும் கிருமி.

மிகை எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்கத் தோன்றவும் இல்லை. டாக்டர் மாதா கோவிலுக்குப் போய்விட்டு நேராக வந்து பெட்டியைத் திறந்தார். இரண்டு தட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அளந்தார். திரும்ப அளந்தார். பிறகு வசந்தாவின் பக்கம் திரும்பி, "அஞ்சாந்தேதிக்கு நான் போட்ட கோட்டை எடுத்துவிடுகிறேன்" என்றார். சிவப்பு மசியை எப்படி எடுப்பது? அதன் மேலேயே 'இது சரி' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.

அவருக்கு இரண்டாவது தட்டுதான் ரொம்பப் பிடித்துவிட்டது. வட்டம் விழாத அந்தத் தட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்: மருந்து பூண்டுக்குள் தயாராக உட்கார்ந்திருக்கவில்லை போலும். பல் பச்சையாக நசுங்கும்போதுதான் அது உண்டாகிறது, அந்தக் காரமும் அப்போதுதான். முழுப் பல்லை முதலிலேயே கொதிக்க வைத்தால் அது உண்டாக வழியே இல்லை. "வெறும் பச்சைப் பூண்டையே பார்த்துக்கொண்டிருந்தால் இதைக் கேட்க நமக்குத் தோன்றியிருக்காது" என்றார். "போலும்" என்பதை அவர் அழுத்திச் சொன்னார். அதனால் நானும் அழுத்தி எழுதுகிறேன்.

அக்டோபர் 7, புதன்

டாக்டர் பட்டணத்திலிருந்து திரும்பவில்லை. வசந்தா அமைதியாகப் போய் வருகிறாள். நான் அமைதியாக இல்லை. வீட்டுக் கிணற்றை இரண்டு முறை எட்டிப் பார்த்தேன், அது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 10, சனி

நாலாம் சனி. தளிகை. பூண்டு இல்லை. பாயசம் இருந்தது. போதும்.

அக்டோபர் 12, திங்கள்

ரம்ஜான் பெருநாள். காதர் பாய் கடை மூடியிருக்கும் என்று தெரிந்தும் அந்தப் பக்கம் போனேன். வாசலிலேயே அகப்பட்டார். "இன்னாச்சு கார்டு சார், என் கடல்பாசி?" ஏரி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, "நாலு தட்டு ஊத்துனோம் பாய். ஒண்ணுல வட்டம் உயுந்துச்சு. மூணுல இல்ல" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "உடம்பு சரியில்லியா?"

அக்டோபர் 14, புதன்

டாக்டர் வந்துவிட்டார். பூண்டு வேலை மூடப்படவில்லை! வசந்தாவுக்கு வேலை நிலைத்தது; வேம்புக்காரருக்குத்தான் மஞ்சளோடு சேர்ந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார்கள், பாவம். கடல்பாசிக்கு ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து ஏதோ ஏற்பாடு செய்கிறார்களாம்.

இன்னொன்று. இனி ஒவ்வொரு தடவையும் பச்சைச் சாற்றோடு, கொதிக்க வைத்த பூண்டின் சாறும் ஒரு புட்டி வர வேண்டும், இரண்டையும் அருகருகே பார்ப்பதற்கு. "அதை உங்கள் அம்மாவே செய்யட்டும், அதே மாதிரி" என்றாராம் டாக்டர்.

வசந்தா இதைச் சொன்னதும் அக்காள், "எத்தினி கொதின்னு கேட்டியா? நான் ஒரு கொதிதான் உட்டேன். அவரு பாட்டுக்கு ரெண்டு கொதின்னு எழுதிடப் போறாரு" என்று பதறினாள்.

அக்டோபர் 20, செவ்வாய்

புரட்டாசி போய்விட்டது. கூடத்திலேயே இடிக்க அனுமதி. எல்லம்மா வேலிப் பக்கம் வந்து, என்ன இந்த வாசனை என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்காள் முந்திக்கொண்டாள். "எங்க ஆபீசு வேலை."

நான் ஒரு காலத்தில் அரக்கோணம் லைனையே ஆண்டவன். இப்போது இந்த வீட்டில் ஆபீசுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். நான் புட்டி தூக்குகிறவன்.

நவம்பர் 3, செவ்வாய்

மழை. இரண்டு புட்டிகளையும் மேல்கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். ஐயங்கார் மழைக்காக எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு உள்ளே இருந்தார், நல்ல காலம்.

பின்கட்டில் டாக்டர் எட்மண்ட் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். கூடத்தின் அந்தக் கோடியில் வசந்தா பெட்டியிலிருந்து நேற்றைய தட்டை எடுத்து, ஜன்னலோரம் பிடித்து, அளவுகோலை வைத்தாள். நான் கதவருகே தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன்.

"எவ்வளவு?" என்று டாக்டர் தலை தூக்காமல் கேட்டார்.

"இருபத்திமூணு மில்லிமீட்டர், சார். கொதிக்க வெச்சது, ஒண்ணும் இல்ல."

அவர் எழுந்து வரவில்லை. இருபத்துமூன்று என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.